கிழவருக்குக் கடைசிவரை தெரியாது: 1967 பிரெஞ்சுப் பகிடிப் படம் ஒன்று, யாராவது பார்த்தீர்களா?

வெள்ளவத்தை வாசி
ஞாயிறு, இரவு 10.40

போன போயா விடுமுறைக்கு வெளியில் போக வழியில்லை, மழை வேறு. அலுவலகத்தில் ஒரு பிள்ளை பென்டிரைவில் பத்துப் பன்னிரண்டு பழைய பிரெஞ்சுப் படங்களைப் போட்டுத் தந்திருந்தாள். கைக்கு வந்த ஒன்றைத் தட்டினேன். கறுப்பு வெள்ளை, கீழே ஆங்கில எழுத்து. அப்பாவுக்கு எழுத்து வாசித்துப் படம் பார்க்கிறதென்றால் பிடிக்காது. பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் பேப்பர் மடியில் இறங்கிவிட்டது. திரையில் ஒரு பருத்த கிழவர். சாப்பாட்டு மேசையில் பக்கத்துக் கதிரையில் ஒரு கிழட்டு நாயை இருத்தி, கழுத்தில் துவாய் கட்டி, கரண்டியால் தீத்திக்கொண்டிருந்தார். "இஞ்சை பார், நாய்க்குத் தீத்துறான்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு பேப்பர் எங்கே போனதென்று தெரியாது.

பிரெஞ்சில் பெயர் 'ல வியே ஓம் ஏ லான்ஃபான்', கிழவரும் குழந்தையும் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'தி டூ ஒஃப் அஸ்'. எடுத்தவர் க்ளோட் பெர்ரி. அவருடைய முதல் முழுநீளப் படம். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் போகாது.

ஜெர்மன்காரர் பிடித்து வைத்திருந்த பாரிஸ். எட்டு வயது யூதப் பெடியன் க்ளோட். சும்மா இருக்கமாட்டான். கடையில் விளையாட்டுச் சாமானைத் திருடுவான், சண்டை பிடிப்பான். இவன் ஒருவனால் குடும்பமே மாட்டப்போகிறது என்று தகப்பன் தலையில் அடித்துக்கொள்கிறார். கடைசியில், தெரிந்த ஒருவரின் வயதான தாய் தகப்பனிடம், கிரெனோபிள் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். போகமுன் மூன்று பாடம். குடும்பப் பெயர் லங்மான் இல்லை, லோங்கே. 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' செபம் தடக்காமல் வரவேண்டும். குளிக்கும்போது ஒருவரும் பார்க்கக்கூடாது.

போய்ச் சேர்ந்த வீட்டுக் கிழவரோ முதலாம் உலகப் போரில் சண்டை பிடித்தவர். ஜெர்மன்காரரோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசின் தலைவர் மார்ஷல் பெத்தான் என்றால் அவருக்குத் தெய்வம். ஆங்கிலேயர், யூதர், பொதுவுடைமைக்காரர், ஃப்ரீமேசன்காரர், இந்த நாலு கூட்டத்தாலும்தான் நாடு நாசமாய்ப் போனது என்று விடிந்தால் பொழுதுபட்டால் புலம்பல். அதே மனுசன் முயல் இறைச்சி தொடமாட்டார், பாவமாம். இவரும் இந்தப் பெடியனும் உயிருக்குயிரான கூட்டாளிகள் ஆகிறார்கள். யூதரைக் கண்டுபிடிப்பது எப்படி என்று கிழவர் யூதப் பெடியனுக்கே வகுப்பு எடுக்கிறார். மூக்கு இப்படி இருக்கும் என்கிறார். பெடியன் கிழவரின் மூக்கைப் பார்க்கிறான். கிழவராக நடிக்கும் மிஷேல் சிமோனின் மூக்கைப் பார்த்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை.

அப்பா சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் முடிவில் அப்படியே அமைதியாகிவிட்டார். போர் முடிகிறது, தாய் தகப்பன் வந்து பெடியனைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கிழவருக்கு உண்மை தெரியாது. அவ்வளவுதான். அப்பா கேட்டார்: "அந்தக் கிழவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

எனக்குப் பதில் வரவில்லை. பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய படங்கள் என்று நம்மவர்கள் போடும் எந்தப் பட்டியலிலும் இதைக் கண்டதில்லை.


புதுப்பெடியன்
ஞாயிறு, இரவு 10.58

அண்ணா, முடிவைத் தலைப்பிலேயே போட்டுவிட்டு, பார்த்தீர்களா என்று கேட்கிறீர்களே, இது நியாயமா?


ரீல்பெட்டி
ஞாயிறு, இரவு 11.25

தம்பி, இந்தப் படத்துக்கு முடிவு தெரிந்தாலும் ஒன்றும் குறையாது. என்ன நடக்கும் என்பதில் இல்லை இதன் சுவை.

வாசி அண்ணா, கை கொடுங்கள். நான் பதினைந்து வருடமாக இந்தப் படத்தைப் பற்றி ஆட்களைப் பிடித்துவைத்துக் கதைத்து அலுத்துவிட்டேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, இது பெர்ரியின் சொந்தக் கதை. அவருடைய உண்மையான குடும்பப் பெயரே லங்மான்தான். 1934 இல் பாரிஸில் பிறந்தவர், தகப்பன் உரோமத் தோல் ஆடை தைக்கிற தொழில். போர்க்காலத்தில் அவரையும் இப்படித்தான் ஒளித்து வளர்த்தார்கள். அதனால்தான் தகப்பன் பெடியனைத் திட்டுகிற காட்சிகளில் (சார்ல் டென்னர், என்ன நடிகன்!) கோபத்துக்குள் இருக்கிற பயம் அப்படித் தெரிகிறது. அது எழுதி வருகிற வசனம் இல்லை.

மற்றது, இதற்கு முன் அவர் எடுத்த குறும்படம் 'ல பூலே'. கோழி என்று அர்த்தம். கால் மணித்தியாலம்தான். ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு வாங்கிவந்த சேவலில் ஒரு சின்னப் பெடியனுக்கு ஆசை வந்துவிடுகிறது. அதைக் காப்பாற்ற, அதற்குக் கீழே முட்டையை வைத்து, இது முட்டையிடுகிற கோழி என்று வீட்டாரை நம்பவைக்கிறான். குறும்படத்துக்கான ஒஸ்கார் இதற்குக் கிடைத்தது. கிரைடீரியன் நிறுவனம் வெளியிட்ட டிஸ்க்கில் இரண்டு படமும் சேர்ந்தே இருக்கிறது, தேடிப் பாருங்கள். அங்கே பெடியன் சேவலுக்காகப் பொய் சொல்கிறான், இங்கே பெடியனே அந்தச் சேவல். கீழே முட்டை வைத்து அனுப்பிவிட்டார்கள்.

மிஷேல் சிமோன் 1895 இல் ஜெனீவாவில் பிறந்தவர். ரெனுவாரின் 'பூது' படத்தில் ஆற்றில் விழுந்த பிச்சைக்காரன், வீகோவின் 'லத்தலாந்த்' படத்தில் படகு நிறையப் பூனை வளர்க்கிற கிழட்டு மாலுமி. இந்தப் படம் வரும்போது எழுபதைத் தாண்டிவிட்டார். 1967 பெர்லின் விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக்கரடி இதற்குத்தான். பெடியனாக வரும் அலேன் கோஹென் பிறகும் பெர்ரியின் சொந்தக்கதைப் படங்களில் அதே க்ளோடாக வளர்ந்துகொண்டே வந்தான். இசை ஜோர்ஜ் டெலெரூ.

ஏன் மறந்துபோனது? பெர்ரி என்றால் எல்லோரும் 1986 இல் வந்த 'ஜோன் த ஃப்ளோரெட்'டைத்தான் சொல்வார்கள். பெரிய மரத்துக்குக் கீழே முளைத்த செடி மாதிரி ஆகிவிட்டது இது.


கறுப்புவெள்ளை
திங்கள், காலை 7.10

நானும் பார்த்திருக்கிறேன். நல்ல நடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் உருகுகிற மாதிரி என்னால் உருக முடியவில்லை.

பிரான்சிலிருந்து கிட்டத்தட்ட 76,000 யூதரை நாடு கடத்தினார்கள். திரும்பி வந்தது மூவாயிரத்துக்கும் குறைவு. 1942 ஜூலையில் பாரிஸில் இரண்டே நாளில் பதின்மூவாயிரம் பேரைப் பிடித்தார்கள், அதில் நாலாயிரத்துக்கு மேல் பிள்ளைகள். பிடித்தது ஜெர்மன் பொலிஸ் இல்லை, பிரெஞ்சுப் பொலிஸ். அந்தப் பொலிஸுக்குப் பின்னால் இருந்தது, பெத்தானைக் கும்பிட்ட இப்படிப்பட்ட கிழவர்கள்தான். அவர்களில் ஒருவரை எடுத்து, நாய்க்குத் தீத்தவைத்து, முயலுக்கு இரங்கவைத்து, நமக்குப் பிடிக்கிற தாத்தா ஆக்கிவிட்டால் என்ன அர்த்தம்? முயலைக் கொல்லமாட்டார், யூதனைப் பிடித்துக் கொடுப்பாரா மாட்டாரா? படம் அந்தக் கேள்விக்குக் கிட்டப் போய், ஒரு பகிடி விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவிடுகிறது.


ரீல்பெட்டி
திங்கள், காலை 8.02

கறுப்புவெள்ளை சொல்கிறது சின்ன விஷயம் இல்லை. ஆனால் எந்தக் காலத்தில் எடுத்தது என்று பாருங்கள். ஜனாதிபதி டி கோல் ஆட்சியில், பிரான்ஸ் முழுக்க எதிர்ப்புப் போராளிகளே நிறைந்திருந்த மாதிரிப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். அப்போது ஒருவர் வந்து, இல்லை, நம்முடைய வீட்டுக் கிழவர்கள் இப்படித்தான் இருந்தார்கள், அன்பாகவும் இருந்தார்கள், வாயில் விஷமும் வைத்திருந்தார்கள் என்று காட்டினார். ஆக்கிரமிப்புக் காலத்து உண்மையான பிரான்சைப் பற்றிய உண்மையான படத்துக்காக இருபது வருடம் காத்திருந்தேன் என்று இயக்குநர் ட்ருஃபோ இந்தப் படத்தைப் பற்றி எழுதினார். அவர் லேசில் புகழ்கிற ஆள் இல்லை.


மருதானை வாப்பா
திங்கள், காலை 9.30

ரீல்பெட்டியின் பேச்சைக் கேட்டு இரவோடு இரவாகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். சுபஹுத் தொழுகைக்கு எழும்ப முடியாமல் போகும் என்று மனைவி ஏசியதும் உண்மை.

அந்த வீட்டு ஆச்சி தண்ணீர் வைத்துக் குளிக்கக் கூப்பிட, பெடியன் உடுப்பைக் கழற்றமாட்டேன் என்று நிற்கிற இடம் இருக்கிறதே, அதில் சிரித்துவிட்டு உடனே நெஞ்சு அடைத்தது. சுன்னத்துச் செய்த உடம்பு ஒரு பிள்ளைக்கு அடையாள அட்டை ஆகிவிடுகிறது என்று நான் யோசித்ததே இல்லை. எங்களுக்கு அது விருந்து வைத்துச் செய்கிற விஷயம்.

செபம் பாடமாக்குகிற காட்சிக்கு நான் எழும்பி வெளியே போய்விட்டேன். தமிழருக்கு எதிரான 83 கலவரத்தில் எனக்குப் பதினொரு வயது. எங்கள் வரிசையில் ஒரு தமிழ்த் தையல்காரர் தனியாக இருந்தார். வாப்பா அவரை உள்ளே இழுத்து, பெட்டிச் சாரம் உடுத்தி, தலையில் தொப்பி வைத்து, யாரும் கேட்டால் இவர் பேருவளை மாமா என்று சொல்லிவிட்டார். எங்கள் மார்க்க உறுதிமொழி கலிமாவைச் சொல்லச் சொன்னால்? இரவிரவாகச் சொல்லிக் கொடுத்தார். மனுசன் பாவம், முதல் இரண்டு சொல் சரியாகச் சொல்லுவார், மூன்றாவதில் ராகம் வந்துவிடும், தேவாரம் மாதிரி இழுப்பார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினது இன்றும் கண்ணுக்குள் இருக்கிறது. வெளியே தெருவில் கடை எரிகிறது, உள்ளே நாங்கள் சிரிக்கிறோம்.

அதனால்தான் சொல்கிறேன் கறுப்புவெள்ளை தம்பி, பகிடி விட்டுவிட்டு ஓடுகிறது என்று சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் பகிடி தானாக வரும்.


கொட்டாஞ்சேனைக்காரன்
திங்கள், பிற்பகல் 12.45

நான் படம் பார்க்கவில்லை. ஆனால் இந்த இழையை வாசிக்க எனக்கு வந்த ஞாபகம் வேறு.

இலங்கை வானொலி வர்த்தக சேவையில் 'கோமாளிகளின் கும்மாளம்' போன காலம் தெரிந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ராமதாஸ் எழுதி மரிக்காராக வருவார், முஸ்லிம் தமிழ். ராஜகோபால் அப்புக்குட்டி, யாழ்ப்பாணத் தமிழ். அப்துல் ஹமீட் ஐயர். செல்வசேகரன் உபாலி, சிங்களவர் கதைக்கிற தமிழ். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பிழையாக விளங்கிக்கொள்வதுதான் பகிடி. 1976 இல் அதைக் 'கோமாளிகள்' என்று படமாகவும் எடுத்தார்கள். செல்வசேகரனுக்குக் கடைசிவரை உபாலி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழர் ஒருவர் சிங்களப் பெயரோடு வாழ்ந்தார், ஒருவரும் தப்பாக எடுக்கவில்லை.

ஏழு வருடம் கழித்து இதே கொழும்பில் வாளியைக் காட்டி, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்கள். பால்திய என்று சொல்லவேண்டும். 'ப' வரவேண்டிய இடத்தில் 'வ' வந்தால் ஆள் முடிந்தது. 1958 இலும் இதே சோதனைதான் என்று என் ஐயா சொல்வார். நேற்றுவரை வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்து சிரித்த அதே உச்சரிப்பு. அதைத் தமிழில் எழுதிக் காட்டவும் முடியாது பாருங்கள். சிங்களத்தில் பால்திய என்பதன் முதல் எழுத்தும், பால் என்பதன் முதல் எழுத்தும் நமக்கு ஒரே 'பா'தான்.


தெஹிவளை மாமி
திங்கள், மாலை 6.20

எல்லோரும் எழுதுவதை வாசித்துக்கொண்டு இருந்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மன்னியுங்கோ.

நான் அப்போது 24 வயதுப் பிள்ளை. பொட்டை அழித்துவிட்டு மூன்று நாள் ஒரு வீட்டுச் சாமான் அறையில் இருந்து, பிறகு இரத்மலானை முகாம், பிறகு லங்கா கல்யாணிக் கப்பலில் காங்கேசன்துறை. அது சரக்குக் கப்பல். எங்களை வைத்திருந்த வீட்டுக்காரர் நல்லவர்கள்தான். ஆனால் அந்த மூன்று நாளும் ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் நான் அவர்களுக்கு நன்றி சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். ஒருவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பது எவ்வளவு களைப்பு என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாசித் தம்பி, உங்கள் அப்பா கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். சொல்லத் தேவையில்லை. அந்தப் பெடியன் கிழவருக்கு ஏன் சொல்லவேணும்? கிழவருடைய மனதைத் திருத்துவது எட்டு வயதுப் பிள்ளையின் வேலையா? அவன் உயிரோடு இருந்தான், விளையாடினான், அந்தக் கிழவரைக் கொஞ்சம் ஏமாற்றியும் பார்த்தான். போதும்.


நெறியாளர்
திங்கள், மாலை 6.55

நல்ல இழை. ஆனால் தரவிறக்க இணைப்பு கேட்டுத் தனிமடல் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும். ஏழு பேர் இதுவரை.


புதுப்பெடியன்
திங்கள், இரவு 8.15

அந்த ஏழில் நான் இல்லை.

மாமி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் போய்விட்டா. நான் 99 இல் பிறந்தவன், எனக்குத் தெரிந்தது சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும்தான். பஸ்ஸில் அம்மாவுக்குப் போன் வந்தால் எடுக்கமாட்டா, எடுத்தால் தமிழில் கதைக்க வேண்டும் என்று. மணி அடித்துக்கொண்டே இருக்கும், ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அம்மா யாரோ ஒருவருடைய போன் என்கிற மாதிரி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருப்பா. இப்போது யோசித்தால் அதுவும் ஒரு பகிடிப் படக் காட்சிதான்.


வெள்ளவத்தை வாசி
திங்கள், இரவு 11.50

முதல் பதிவில் எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். மாமி இவ்வளவு வெளிப்படையாக எழுதியபிறகு நான் மட்டும் படக்கதை கதைத்துக்கொண்டு இருப்பது சரியில்லை.

83 இல் எனக்கு ஆறு வயது. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் வாடகை வீடு. மதிலுக்கு அந்தப் பக்கம் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். நான் சீயா என்பேன், சிங்களத்தில் தாத்தா. அவருடைய மனுசி ஆச்சி. சிங்களத்திலும் ஆச்சி, தமிழிலும் ஆச்சி, அந்த ஒரு சொல்லில் மட்டும் சண்டை இல்லை. சீயா வாயைத் திறந்தால், வெள்ளைக்காரன் தமிழருக்குத்தான் உத்தியோகத்தை அள்ளிக் கொடுத்தான், தன்னுடைய புரமோஷன் ஒரு தமிழனால்தான் போனது என்பார். ஒளித்துச் சொல்கிறதில்லை, மதிலால் எட்டி நின்று அப்பாவிடமே சொல்வார். சொல்லி முடித்த கையோடு மாங்காயும் நீட்டுவார். அப்பாவும் வாங்குவார். அம்மாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்தத் திங்கட்கிழமை காலை காலி வீதிப் பக்கம் புகை எழும்பியது. அப்பாவின் நண்பர் ஒருவர் வான் கொண்டுவந்தார், அதில் ஏற்கெனவே இரண்டு குடும்பம். அம்மாவும் கைக்குழந்தைத் தங்கச்சியும் ஏறினார்கள், அப்பா பின்கதவில் தொங்காத குறை. என்னை மதிலுக்கு மேலால் தூக்கி சீயாவிடம் கொடுத்தார்கள். மூன்று இரவு. ஆச்சி என் கழுத்துப் பிள்ளையார் பென்டனைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தா. என் பெயர் சமன். காலியில் இருக்கும் மகளின் மகன்.

கும்பல் வாளி காட்டிக் கேட்கிறதாம் என்று சீயாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். நான் ஒழுங்கைச் சிங்களப் பெடியங்களோடு பந்து அடித்து வளர்ந்தவன், அந்தச் சொல் எனக்குத் தண்ணீர் மாதிரி வரும். ஆனாலும் சீயாவுக்கு நம்பிக்கை இல்லை. கிணற்றடியில் சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பிடித்து, மே மொகக்த, இது என்ன, என்று அதட்டலாகக் கேட்டார். கும்பல்காரன் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். எனக்கு நடுங்கிவிட்டது. வாயில் வந்தது 'வாளி'. மறுபடி கேட்டார். 'வாளி'. மூன்றாம் முறை, சிங்களமாக்கிவிட்டேன் என்ற நினைப்பில் 'வாளிய' என்றேன்.

சீயா வாளியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். சிரிப்பு. சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்று ஆச்சி ஓடிவந்து கையால் அவருடைய வாயைப் பொத்தினா. பொத்திய கை குலுங்கியது, பார்த்தால் அவவும் சிரிக்கிறா. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. வாளி உருண்டு போய்த் துணி தோய்க்கிற கல்லில் முட்டி நின்றது.

இரண்டாம் நாள் ஆட்கள் வந்தார்கள். சீயா வாசலில் நின்று என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆச்சியின் கட்டிலுக்குக் கீழே இருந்தேன். என்னிடம் ஒருவரும் வாளி காட்டவில்லை.

சீயா அதோடு மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். 85 இல் நாங்கள் திரும்பி வந்தபோது மதிலடியில் அதே கதை, அதே புரமோஷன், அதே மாங்காய். பென்டனை ஆச்சி திருப்பித் தந்தா, இடுக்கில் ஒரு அரிசி மாட்டிக்கொண்டு இருந்தது.


கறுப்புவெள்ளை
செவ்வாய், காலை 6.40

வாசி அண்ணா, இதை வாசித்துவிட்டு வாதாட மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்.

உங்கள் சீயாவுக்கு நீங்கள் யார் என்று தெரியும். தெரிந்துகொண்டுதான் வாசலில் நின்றார். படத்துக் கிழவருக்குத் தெரியாது. உங்கள் கதையின் பாரம் சீயாவின் தோளில் இருக்கிறது, படத்தின் பாரம் முழுக்க அந்தப் பிள்ளையின் தோளில். பெர்ரி அந்தக் கிழவரை ஒருமுறையாவது வாசலில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. என் குறை அதுதான், இப்போது இன்னும் கூடிவிட்டது.


ரீல்பெட்டி
செவ்வாய், காலை 9.15

கிழவருக்குத் தெரியாது என்று எல்லோரும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள். நான் நாலு தரம் பார்த்தவன், எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. பெடியன் தன் விளையாட்டில் எல்லை தாண்டுகிறான். நீங்களும் யூதர்தானே என்று கிழவரையே மடக்குகிறான். கிறிஸ்து யூதர் என்றால் கடவுளும் யூதரா என்று குடைகிறான். எந்தப் பெரிய மனுசனுக்கும் ஒரு பொறி தட்டும். சிமோனின் முகத்தில் சில இடங்களில் ஒரு தயக்கம் வந்து போகிறது. தெரிய விரும்பாதவனின் தயக்கம் மாதிரி எனக்குப் படுகிறது. அது என் வாசிப்பு. படம் அதைச் சொல்லவில்லை, கறுப்புவெள்ளை சொல்வதுதான் எழுத்துப்படி சரி.

தெரிய விரும்பாமல் இருப்பதை வாசலில் நிற்பதோடு ஒப்பிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.


மருதானை வாப்பா
செவ்வாய், பிற்பகல் 1.30

தையல்காரரைப் பற்றிக் கேட்டு இரண்டு பேர் தனிமடல் போட்டிருந்தார்கள். கனடாவில் இருக்கிறார். பெருநாளைக்கு இன்னும் போன் எடுத்து ஸலாம் சொல்வார். கலிமாவையும் சொல்லிக் காட்டுவார். மூன்றாவது சொல்லில் இன்னும் ராகம் வருகிறது.


தெஹிவளை மாமி
செவ்வாய், மாலை 5.05

வாப்பா, இதற்குச் சிரித்துவிட்டேன்.


வெள்ளவத்தை வாசி
புதன், இரவு 9.20

நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமி சொன்னதற்குத் தலையை ஆட்டினார். ரீல்பெட்டி சொன்னதற்கு, "அவர் நாலு தரம் பார்த்தவர், சும்மா சொல்லமாட்டார்" என்றார். கறுப்புவெள்ளை எழுதியதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கனநேரம் பேச்சில்லை. சீயா 91 இல் போய்விட்டார், செத்த வீட்டில் அப்பாதான் பந்தல் போட நின்றவர். அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன்.

"சொல்லியிருந்தாலும் அந்தக் கிழவன் நம்பியிருக்கமாட்டான்" என்றார். "மூக்கைப் பார்த்துவிட்டு, நீ யூதன் இல்லையடா என்று பெடியனோடு சண்டைக்குப் போயிருப்பான்."

அப்புறம் நாய்க்குத் தீத்துகிற இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். பென்டிரைவைத் திருப்பிக் கேட்கிறாள் அந்தப் பிள்ளை, இந்த வாரம் முழுக்கச் சாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.